வெள்ளைச் சட்டை மெக்கானிக்

நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஓடுகிற இன்ஜின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு பரசுராமன் கண்ணை மூடியிருக்கிறார். பக்கத்தில் நிற்கிற வண்டிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தால் இடது கை மட்டும் மேலே எழும்பும். பேசாதே என்று அர்த்தம். மூன்று இடம் தொட்டுக் கேட்பார். நாலாவது இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் நின்றுவிட்டால் கோளாறு அங்கேதான். கண்ணைத் திறந்து, "இங்கதான் குந்திக்கினு இருக்குது" என்பார். ஏதோ ஒரு ஆளைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரிதான் சொல்வார். ஸ்பானரைத் தொடுவது அதற்கு அப்புறம்தான்.

ஓரிக்கைச் சாலையில் ஒரு வேப்பமரத்தை நடுவில் விட்டுத் தகரம் போட்ட கொட்டகை அவருடையது. முசரவாக்கத்துக்காரர், வயது நாற்பத்தெட்டு. இருபத்து மூன்று வருஷமாகக் கார்களின் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருப்பவர். ஆனால் வேலைக்கு வருவது வெள்ளை அரைக்கைச் சட்டையில். கஞ்சி போட்டுத் தேய்த்து, கழுத்துப் பொத்தான் வரை மாட்டிய சட்டை. ஊரில் மற்ற மெக்கானிக்குகளின் சட்டை வாங்கும்போது என்ன நிறத்தில் இருந்தது என்று அவர்கள் பெண்டாட்டிகளுக்கே மறந்துபோயிருக்கும். பரசுராமன் சாயங்காலம் கொட்டகையைப் பூட்டும்போதும் காலையில் வந்த அதே வெள்ளை. புதிதாக வருகிறவர்கள் இவரை முதலாளி என்று நினைத்துக்கொண்டு, மெக்கானிக் எங்கே என்று இவரிடமே கேட்பதுண்டு. அந்தக் கேள்வி அவருக்கு ரொம்பப் பிடிக்கும். உடனே பதில் சொல்லிவிட மாட்டார்.

கறை படாத ரகசியம் தூணில் தொங்குகிறது. மற்றவர்கள் கை துடைக்கப் பனியன் வேஸ்ட் வாங்குவார்கள். பரசுராமன் வைத்திருப்பது பட்டு. பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கிற காசிநாதன் பள்ளிக்கூட நாளிலிருந்து அவருக்குச் சிநேகிதர். தறியில் நீளவாக்கில் ஓடுகிற பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலைப் பிணைக்கும்போது மிஞ்சுகிற நுனிகளையெல்லாம் ஒரு பையில் சேர்த்து வைப்பார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரசுராமன் போய் வாங்கிவந்து, கொத்தாகக் கட்டி ஆணியில் மாட்டிவிடுவார். தறியில் அந்த மாதம் என்ன சேலையோ அதுதான் கொட்டகையின் நிறம். மாசியில் அரக்கு, பங்குனியில் கிளிப்பச்சை, வைகாசியில் மாம்பழ மஞ்சள்.

அதில் ஒரு பிடி பிய்த்துக் கை துடைப்பார். ஆயில் அளவு பார்க்கிற கம்பியைத் துடைப்பார். ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரைக் கழற்றிவிட்டு, அது உட்காரும் இடத்தின் நடுவில் இருக்கிற துவாரத்துக்குள் பட்டைச் சுண்டுவிரலால் திணித்து ஒரு சுற்றுச் சுற்றி எடுப்பார். "பட்டுக்கு நெளிவு தெரியும்பா. பனியன் துணி போவாத எடத்துக்கெல்லாம் போவும்" என்பார். இன்ஜினுக்கே பட்டு உடுத்துகிறவன் காஞ்சிபுரத்தில் நான் ஒருத்தன்தான் என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு அலுப்பே கிடையாது.

அதே தூணில் இன்னொரு பொருளும் இருக்கிறது. ஒரு பழைய லாரியின் பக்கக் கண்ணாடி. எதற்கு என்று கேட்டால், சட்டையில் கறை பட்டதா என்று பார்க்க என்று சொல்வார். பொய். இன்ஜினுக்குள் குனிந்திருக்கும்போது, முதுகைத் திருப்பிக்கொண்டே, சாலைக்கு எதிர்ப்பக்கம் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்காக மாட்டியது அது. எதிர்ப்பக்கத்தில் பாண்டியன் கடை திறந்த மறுநாள் காலையில் ஆணி அடித்தார்.

பாண்டியன் வேறு யாருமில்லை. பரசுராமனின் மனைவி பெரியநாயகியின் கூடப் பிறந்த தம்பி. வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். சென்னையில் மூன்று மாதம் ஏதோ படித்துவிட்டு வந்து, ஒரு ஸ்கேனர் பெட்டியும் லேப்டாப்பும் வாங்கி, தை மாதம் கடை போட்டுவிட்டான். முன்பக்கம் கண்ணாடி அறை, உள்ளே ஏசி, உட்கார மெத்தை நாற்காலி. கார் வந்தால் ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு ஒயரைச் செருகுவான். திரையில் எழுத்து ஓடும். "சார், இன்ஜின் கம்ப்யூட்டரே சொல்லுது பாருங்க" என்று திரையைத் திருப்பிக் காட்டுவான். வண்டிக்காரர் பயபக்தியோடு பார்ப்பார். பரசுராமன் தூணில் இருக்கிற கண்ணாடியில் பார்ப்பார்.

பொறாமைதான். அதற்கு வேறு பேர் வைத்துப் பிரயோஜனமில்லை. ஒரு நாளைக்கு எதிரே எத்தனை வண்டி ஏறி இறங்கியது என்று கேட்டால் பாண்டியனை விட இவர் சரியாகச் சொல்வார். பாண்டியனின் விரல்கள் சுத்தமாக இருப்பதுதான் இவரை ரொம்பவும் சுட்டது. பட்டில் துடைத்துத் துடைத்து இவர் காப்பாற்றுகிற சுத்தம், அவனுக்குப் பிறவியிலேயே வந்த மாதிரி சும்மா கிடைக்கிறது. கார்காரர்கள் உட்கார இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டார். செய்தித்தாள் போடச் சொன்னார். அந்த வாரமே பாண்டியன் கடையில் தண்ணீர் கேனும் காகித டம்ளரும் வந்துவிட்டன. வேண்டுமென்றே செய்கிறான் என்று பெரியநாயகியிடம் முறையிட்டார். தாகமெடுத்தால் நீங்களும் போய்க் குடியுங்களேன் என்று அவள் சொல்லிவிட்டாள்.

இதில் உள்காயம் ஒன்று இருந்தது. பெட்டி வாங்குவதற்கு முன்னால் பாண்டியன் முதலில் வந்தது மாமாவிடம்தான். உன் காது, என் பெட்டி, இரண்டு பேரும் சேர்ந்து போடலாம் என்று கேட்டான். "என் காதுக்கு சார்ஜர் வேணாம், போடா" என்று அனுப்பிவைத்தவர் பரசுராமன். சொன்னபோது ரொம்ப நன்றாகச் சொன்னதாகத் தோன்றியது. இப்போது அந்த ஏசி அறைக்குள் யாராவது நுழையும்போதெல்லாம் அந்த வாக்கியம் நெஞ்சில் குறுக்கே வந்து நிற்கும்.

மத்தியானம் பெரியநாயகி இரண்டு டிபன் கேரியர் கொண்டுவருவாள். முதலில் தம்பி கடை. அது வழியில் முதலில் வருகிறது என்பது அவள் நியாயம். இத்தனை வருஷம் போட்ட சோற்றில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சாப்பிட்டவர், இப்போது மீன் துண்டுகளை எண்ணுகிறார். எனக்கு மூன்று, அவனுக்கு எத்தனை என்று ஒரு நாள் கேட்டேவிட்டார். மறுநாள் அவள் இவருக்கு ஐந்து துண்டு வைத்துக்கொண்டுவந்து, எதிரே உட்கார்ந்து, தின்று முடிக்கிற வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவருக்கு ஒரு வாய்கூட ருசிக்கவில்லை.

இன்னொன்று அந்தப் பெரியநாயகிக்கே தெரியாது. பரசுராமன் சென்னைக்குப் போய், நடைபாதைக் கடையில், புதுக் கார்களைப் பற்றிய தடிமனான இங்கிலீஷ் புத்தகம் ஒன்று வாங்கிவந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ப்ளஸ் டூ படிக்கிற மகள் சத்யப்ரியா அதை வாசித்துத் தமிழில் சொல்வாள். இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தாய்மாமனிடம் இதை மூச்சுவிடக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். பாண்டியன் கடையை மூடிவிட்டால் இவருக்கு அந்தப் புத்தகம் தேவைப்படாது. அவன் மூடுகிற மாதிரியும் தெரியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஆராவமுதன் சாரின் கார் வந்தது.

ஆராவமுதன் சின்ன காஞ்சிபுரத்துக்காரர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றவர். பத்தொன்பது வருஷமாக அவர் வீட்டு வண்டியில் ஊருக்குள் வேறு ஒருவர் கை பட்டதில்லை. அந்தப் பத்தொன்பது வருஷத்தில் பரசுராமனைப் பாராட்டி அவர் ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை. கணக்கு சரியாக வந்தால் அதில் பாராட்ட என்ன இருக்கிறது என்கிற ரகம். போன வருஷம் மகன் ராமானுஜ் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி, புது ரகக் கார் ஒன்று வாங்கிக் கொடுத்தான். கம்பெனியின் இலவச சர்வீஸ்கள் முடிந்ததும், ஊருக்குள் வேறு யாரிடமும் போகாமல், மாசியில் ஆயில் மாற்ற நேராக இங்கேதான் வந்தார். அன்றைக்குப் பரசுராமன் அந்த இன்ஜினுக்குப் புதுப் பிடி பட்டு எடுத்தார்.

வைகாசியில் கருட சேவை முடிந்த மறுவாரம் அந்தக் காரில் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஆரஞ்சு நிறத்தில் இன்ஜின் படம் போட்ட விளக்கு எரிய ஆரம்பித்தது. பரசுராமன் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கேட்டார். இன்ஜின் இன்னும் சூடேறவில்லை, கோளாறான சத்தம் ஒன்றும் இல்லை. "அது சும்மா எரியுது சார். ஒடம்பு நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லி, பாட்டரி ஒயரைக் கழற்றி மாட்டி விளக்கை அணைத்து அனுப்பினார். நான்காம் நாள் மறுபடியும் எரிந்தது. சிக்னலில் நிற்கும்போது வண்டி நடுங்குகிறது, மேட்டில் ஏற அழுகிறது என்று ஆராவமுதன் மகனிடம் போனில் சொன்னார். ஸ்கேனர் போட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று மகன் அங்கிருந்து தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

அன்று காலை அந்தக் கார் ஓரிக்கைச் சாலையில் வந்தது. பரசுராமன் பட்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றார். கார் வலது பக்கம் திரும்பியது. கண்ணாடி அறைக்கு முன்னால் நின்றது. ஆராவமுதன் இறங்கி, சாலையின் இந்தப் பக்கம் பார்த்து, "பரசு, தப்பா நெனச்சுக்காதே. ராமானுஜ் சொல்றான்" என்று சொல்லிவிட்டு ஏசிக்குள் போனார். அந்தப் பக்கம் பார்க்கவே கூடாது என்று பரசுராமன் முதுகைத் திருப்பிக்கொண்டு, அரை மணி நேரம் தூணில் இருந்த கண்ணாடியையே பார்த்தார்.

பாண்டியனின் பெட்டி, வால்வுகள் திறந்து மூடுகிற நேரம் தப்புகிறது என்று சொன்னது. அவன் நேரத்தை அளக்கிற சென்ஸாரை மாற்றினான். விளக்கு அணைந்தது. பரசுராமனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வேலூர் சாலையில் தாமல் ஏரியைத் தாண்டும்போது விளக்கு மறுபடியும் எரிந்தது என்று கேள்விப்பட்டதும் இரண்டு கை சோறு அதிகமாகச் சாப்பிட்டார். பாண்டியன் விளக்கை அழித்துக் கொடுத்தான், மறுபடியும் எரிந்தது. கடைசியில், உள்ளே இருக்கிற பல்சக்கரத்தையே மாற்ற வேண்டியிருக்கும், சென்னைக்குக் கொண்டுபோங்கள், நான்கைந்து நாளாகும் என்று சொல்லிவிட்டான்.

ஆராவமுதனிடம் நான்கைந்து நாள் இல்லை. வெள்ளிக்கிழமை பெங்களூர் போய், மகள் கோதாவைப் பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டும். எட்டாம் மாதம். ரயிலில் படி ஏறி இறங்க வேண்டாம், அப்பா காரில் வருகிறேன் என்று அவள் சொல்லிவிட்டாள். பிள்ளைத்தாச்சியை உட்காரவைத்துக்கொண்டு வழியில் நின்றுபோகிற வண்டியை நம்பி எப்படிப் போவது என்று அவர் மனைவி வரலக்ஷ்மி அரற்றிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை காலை ஆராவமுதன் சாலையின் இந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினார்.

"பரசு, உன்னைத்தான் நம்பி வந்திருக்கேன். எங்கிட்ட இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு."

இந்த வார்த்தைக்காக ஐந்து மாதம் காத்திருந்தவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் முகத்தில் காட்டவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை வேப்பமரத்து நிழலில் போட்டு, அன்றைய செய்தித்தாளைக் கையில் கொடுத்து சாரை உட்காரவைத்தார். பிறகு கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். எதிரே பாண்டியன் அறையை விட்டு வெளியே வந்து நின்றிருந்தான். நில், நன்றாக நின்று பார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

இந்தத் தடவை ஆறிய இன்ஜினில் காது வைக்கவில்லை. மூங்கில் மண்டபம் வரை ஓட்டிப்போய், நன்றாகச் சூடேற்றிக்கொண்டு வந்து நிறுத்தினார். நடுக்கம் வந்தது. மகள் வாசித்துக் காட்டியதும் நினைவுக்கு வந்தது. இந்த மாதிரி வண்டிகளில் வால்வு திறக்கிற நேரம் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. வேகத்துக்கும் பாரத்துக்கும் தக்கபடி கொஞ்சம் முன்னே பின்னே தள்ளிவைக்கப்படும். தள்ளுவது ஆயிலின் அழுத்தம். கம்ப்யூட்டர் சொல்கிறபடி அந்த ஆயிலுக்குக் கதவு திறந்துவிடுவது கட்டைவிரல் தடிமனில் ஒரு சின்ன வால்வு. சத்யப்ரியா படித்தபோது காசிநாதனின் தறியை வைத்துத்தான் இதை மனசில் பதித்துக்கொண்டார். கால் மிதிக்கிற நேரம் தப்பினால், குறுக்கே ஓடுகிற நாடாக்கட்டை நூலில் முட்டும். இங்கே மிதிக்கிற கால் ஆயில்.

இன்ஜினை ஓடவிட்டபடியே, பாட்டரியிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து அந்தச் சின்ன வால்வில் தொட்டார். ஸ்க்ரூ டிரைவர் காதில் இருந்தது. உள்ளே டக்கென்று ஒரு சத்தம். வால்வு உயிரோடுதான் இருக்கிறது. கதவு திறந்தால் ஆயில் பாய வேண்டும், வால்வு நேரம் தள்ளிப்போய், நிற்கிற வண்டியில் இன்ஜின் உடனே திணற வேண்டும். திணறவில்லை. மறுபடி தொட்டார். டக். அதற்குமேல் ஒன்றுமில்லை. பரசுராமன் கண்ணைத் திறந்தார்.

"கதவு தொறக்குது சார். ஆயில்தான் வர்ல. வழில யாரோ குந்திக்கினு இருக்காங்க."

நாற்காலியிலிருந்து ஆராவமுதன் தலையை மட்டும் ஆட்டினார். எதிர்ப்பக்கத்தில் பாண்டியனுக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை. சாலையைத் தாண்டி வந்து, கொஞ்சம் தள்ளி நின்றான். அவன் வந்ததில் பரசுராமனுக்கு இன்னும் சந்தோஷம். இன்ஜினை அணைத்து, ஆற விட்டு, வால்வுக்குப் பக்கத்தில் இருந்த போல்ட்டைச் சுழற்றினார். அதன் உள்ளே ஆயில் வருகிற வழியில் நகத்தளவு ஒரு சல்லடை இருக்கும் என்று புத்தகத்தில் இருந்தது. இருந்தது. சின்னச் சாமணத்தால் கவ்வி வெளியே எடுத்தார்.

சல்லடையின் கண்களையெல்லாம் மூடிக்கொண்டு கறுப்பாக ஒரு பிசிறு. ஊசியால் நிமிண்டி இழுத்தார். முடி போல நீண்டுகொண்டே வந்தது. பெட்ரோலில் அலசி, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கறுப்பு கரைந்துபோய் உள்ளேயிருந்து அரக்கு நிறம் பளபளத்தது. பட்டு இழை.

மாசி மாதம் தூணில் தொங்கியது அரக்கு. இந்த வண்டிக்கு மாசியில் ஆயில் மாற்றியவர், ஃபில்டர் உட்காரும் துவாரத்துக்குள் சுண்டுவிரலால் பட்டைத் திணித்துச் சுற்றியவர், பரசுராமன். அந்தத் துவாரத்துக்கு அப்புறம் வடிகட்ட ஒன்றும் கிடையாது. அங்கே விழுந்தது நேராக இந்தச் சல்லடைக்குத்தான் வரும். பழைய இன்ஜின்களில் இப்படி ஒரு சல்லடை இல்லாததால் இருபத்து மூன்று வருஷமாக இந்தத் தப்பு தப்பாகவே தெரியாமல் இருந்திருக்கிறது.

தோள் பக்கத்தில் மூச்சுச் சத்தம் கேட்டது. பாண்டியன் கிட்டே வந்திருந்தான். இழையைப் பார்த்தான். பிறகு தூணில் தொங்கிய கொத்தைப் பார்த்தான். காஞ்சிபுரத்தில் ஆயிரம் தறி இருக்கலாம். இன்ஜினைப் பட்டால் துடைக்கிற ஆள் யார் என்று யாரும் யோசிக்கத் தேவையில்லை. பரசுராமன் விரல்களை மடக்கி இழையைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"என்ன பரசு, கிடைச்சுதா?" என்றார் ஆராவமுதன், செய்தித்தாளை இறக்காமலே.

கிடைத்தது. சென்ஸார் மாற்றும்போது உள்ளே குப்பை விழுந்திருக்கிறது என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். வண்டி பரசுராமனுக்கு, பழி பாண்டியனுக்கு. அந்த வாக்கியம் நாக்கின் நுனியில் வந்து உட்கார்ந்துவிட்டது. பத்து வருஷம் கழித்துச் சொல்லிச் சிரிக்கிற அளவுக்கு நல்ல வாக்கியம். வாயைத் திறந்தார்.

பாண்டியன் முந்திக்கொண்டான். காதோரம் வந்து, "வுடு மாமா. சார் உன்ன நம்பிக்கினு இருக்காரு" என்று மெல்லச் சொல்லிவிட்டு, மரத்தடிக்குப் போய் ஆராவமுதன் முன்னால் கை கட்டி நின்றான். சென்ஸார் மாட்டும்போது நான்தான் சரியாகச் சுத்தம் பண்ணவில்லை சார், தூசி உள்ளே போய் அடைத்திருக்கிறது, மாமா கண்டுபிடித்து எடுத்துவிட்டார், தப்பு என்னுடையது என்றான்.

பரசுராமனுக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. உண்மையைச் சொல்ல வேண்டுமானால், கொஞ்ச நேரம் மச்சான்மேல் பிரியம்கூட வந்தது. அக்காள் புருஷன் மானத்தைக் காப்பாற்றுகிறானே. ஆராவமுதன் செய்தித்தாளை மடித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். எழுந்தே நின்றுவிட்டார்.

"முப்பத்தெட்டு வருஷம் வாத்தியாரா இருந்தவன் சொல்றேன். தப்பு என்னோடதுன்னு தானா எழுந்து நின்ன பையன்களை விரல் விட்டு எண்ணிடலாம். காது யாருக்கு வேணா வாய்க்கும். இந்த மனசு வாய்க்காது. நீ நன்னா இருப்பே பாண்டியா."

சொல்லிவிட்டு அவன் தோளில் கையை வைத்தார்.

நீ நன்னா இருப்பே. பத்தொன்பது வருஷம். பொங்கலன்றைக்குக் கூப்பிட்டாலும் ஓடியிருக்கிறார் பரசுராமன். கொட்டுகிற மழையில் வாலாஜாபாத் சாலையில் வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த வாயிலிருந்து இது வந்ததில்லை. இன்றைக்கு வருகிறது, வண்டியைச் சரிசெய்த ஆளைத் தாண்டிக்கொண்டு போய் அவன் தோளில் உட்காருகிறது. பழைய பொறாமை குப்பென்று ஏறியது. ஏசி அவனுக்கு, மெத்தை நாற்காலி அவனுக்கு, மீன் துண்டு அவனுக்கு. போகட்டும். இது பரசுராமன் செய்த தப்பு. சொந்தக் கையால், சொந்தப் பட்டால் செய்தது. அதை ஒத்துக்கொண்ட நல்ல பேரையும் இந்தப் பயல் கொண்டுபோய்விடுவானா?

மரத்தடிக்கு நாலே எட்டில் போனார். அவருக்கே தெரியாமல் போய்விட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆராவமுதன் கையைப் பாண்டியன் தோளிலிருந்து எடுத்து, உள்ளங்கையை விரித்து, அதன் நடுவில் அந்த அரக்கு இழையை வைத்தார்.

"இவன் சொல்றது பொய் சார். இது என் பட்டு. மாசில ஆயில் மாத்துனது நானு. என் வெரலாலதான் உள்ள போச்சு. இவனுக்கு இதுல ஒரு சம்பந்தமும் கிடையாது."

கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவையும் சொன்னார். பாண்டியன் தலையைக் குனிந்துகொண்டு, மாமா, மாமா என்று முணுமுணுத்தான். ஆராவமுதன் மூக்குக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, இழையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நன்னா இருப்பே என்று அவர் சொல்லவில்லை. பாண்டியன் தோளில் வைத்த கையை இங்கே வைக்கவும் இல்லை.

"வெள்ளிக்கிழமைக்கு வண்டி ஓடுமோன்னோ?" என்று மட்டும் கேட்டார்.

ஓடும் என்றார் பரசுராமன். சார் சொல்லாமல் விட்ட அந்த இரண்டு வார்த்தை இன்னும் கசந்துகொண்டிருந்தது. இன்ஜின் பக்கம் திரும்பி வந்து, சல்லடையைப் பெட்ரோலில் இன்னொரு தடவை அலசினார். ஊதினார். திரும்ப மாட்டுவதற்கு முன்னால் கையில் வழிகிற ஆயிலைத் துடைக்க வேண்டும். இருபத்து மூன்று வருஷப் பழக்கத்தில் வலது கை தானாகத் தூணை நோக்கி எழுந்தது. அங்கே இந்த மாதத்து நிறம், மயில் கழுத்து நீலம், காற்றில் இழை இழையாக ஆடிக்கொண்டிருந்தது. கை பாதியில் நின்றது. பிறகு பரசுராமன் அந்தக் கையை இறக்கி, மார்புக்கு நேரே, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையின்மேல், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திருப்பி நன்றாகத் துடைத்துக்கொண்டு, சல்லடையை எடுத்தார்.